மாமா... ஜூவுக்குப் போலாமா?

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா எல்லாருக்கும் ஒரு வேலை காத்துட்டிருக்கும். கரண்ட் பில் கட்டறது, ரேஷன் கடை கியூ எல்லாம் அப்புறம். முதல் வேலை, வந்திருக்கற அக்கா பசங்களை மேய்க்கறது! "நீ சும்மாதானே இருக்கற, புள்ளைங்களை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்ட்டு வா சாமி"ன்னு அம்மா சிம்பிளா சொல்லிடுவாங்க. நாலு வயசு வாண்டு சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு, "மாமா, ஜூவுக்குப் போலாமா?"ன்னு நிக்கும். (சித்திகளுக்கும் இதே கதிதான். சுடிதார் ஷாலைப் புடிச்சு இழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.)

கோயமுத்தூர்க்காரங்ககிட்ட ஒரு காலத்துல இதுக்கு ஒரே பதில்தான் இருந்துச்சு. வ.உ.சி. பூங்கா. 1965-ல ஆரம்பிச்ச மாநகராட்சி உயிரியல் பூங்கா அது. உங்க அப்பா அம்மாவே அங்க குட்டி ரயில்ல உட்கார்ந்து கை காட்டினவங்களா இருப்பாங்க. ஆனா 2022 ஜனவரியில மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதோட அங்கீகாரத்தை ரத்து பண்ணிடுச்சு. போதுமான இடம் இல்லைங்கறதுதான் முக்கியமான காரணம். மொத்தமே நாலரை ஏக்கர் சுமார். நம்ம பக்கம் அது ஒரு சாதாரண தென்னந்தோப்பு. வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 1,500 ஏக்கர்! அங்கீகாரம் போனதுக்கு அப்புறம் மிருகங்களை ஒவ்வொண்ணா வேற இடங்களுக்கு மாத்தினாங்க. புள்ளிமான்களை வனத்துறைக்காரங்க சிறுவாணி அடிவாரக் காட்டுல கொண்டுபோய் விட்டாங்க.

"ஐயோ, பசங்களுக்கு இருந்த ஒரே ஜூவும் போச்சே"ன்னு நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. எனக்கு என்னவோ பெருசா வருத்தம் வரலை. இறுக்கமான கூண்டுல அடைச்சு வெச்ச மிருகம் என்ன பண்ணும்னு எங்கயாச்சும் கவனிச்சிருக்கீங்களா? ஒரே இடத்துல எட்டு போட்டு எட்டு போட்டு நடக்கும். நின்ன இடத்துலயே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிட்டே இருக்கும். இடமும் வேலையும் இல்லாம மனசு கெட்டுப் போச்சுங்கறதுக்கு அது அடையாளம். நம்ம வாண்டு அதைப் பார்த்து, "மாமா, டான்ஸ் ஆடுது பாரு!"ன்னு கை தட்டும். நாமளும் "ஆமாடா செல்லம்"னு சொல்லிடுவோம். பிரச்சினையே அந்த "ஆமாடா செல்லம்"தான் பாஸ். வலியை டான்ஸுன்னு சொல்லிக் கொடுத்துட்டு, அதுக்கு மேல ஒரு ஐஸ்கிரீமையும் வாங்கிக் கொடுத்துட்டு வந்துடறோம்.

அப்ப எங்கதான் போறது? எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதல்ல பார்க்கறது ஒண்ணே ஒண்ணு. நம்மளைப் பிடிக்கலைன்னா அந்த உயிருக்கு ஒளிஞ்சுக்க இடம் இருக்கா? ஒரு புதர், ஒரு குகை, ஒரு மரப்பொந்து, அட, நமக்கு முதுகைக் காட்டிட்டுப் படுக்கறதுக்கு ஒரு மூலை? நாலு பக்கமும் ஜனங்க நின்னு வேடிக்கை பார்க்கற மாதிரி கூண்டு இருந்தா, டிக்கெட் பணம் போனா போகுதுன்னு திரும்பி வந்துடலாம். "அரை மணி நேரம் நின்னோம், சிறுத்தை வெளியவே வரலை, வேஸ்ட்"னு யாராச்சும் திட்டிட்டு வந்தா, அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. அனேகமா அது நல்ல இடமா இருக்கும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது. ஆணையத்தோட அங்கீகாரம் இல்லாம இந்தியாவுல எந்த உயிரியல் பூங்காவும் நடத்த முடியாது. எதுக்கெல்லாம் அங்கீகாரம் இருக்குன்னு ஆணையத்தோட இணையதளத்துலயே லிஸ்ட் இருக்கு, போன்ல பார்த்துடலாம். வாரத்துல ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு லீவு விடணும்னும் விதி இருக்கு. வண்டலூருக்கு அது செவ்வாய்க்கிழமை. ஜூவுல மிருகத்தைச் சீண்டறது, கத்தித் தொந்தரவு பண்றது, நம்ம கையில இருக்கற தீனியைப் போடறது, எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆமாங்க, அந்தப் பொரி பாக்கெட்டும் குற்றம்தான்!

இப்ப ஊருக்கு ஊர் புதுசா ஒரு ஐட்டம் வந்திருக்கு. கலர் கலரா பஞ்சவர்ணக்கிளி. தோள்ல ஒண்ணு, தலையில ஒண்ணு உட்கார வெச்சு, போட்டோ எடுத்துக் கொடுத்துடுவாங்க. பசங்க குஷியாயிடுவாங்க, ஒத்துக்கறேன். ஆனா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கிளி எத்தனை தோளுக்கு மாறும்னு கணக்கு போட்டுப் பாருங்க. நல்லா வளர்த்தா அம்பது வருஷத்துக்கும் மேல வாழற பறவை அது. இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினங்கள்ல பலதையும் வளர்க்கறவங்க அரசாங்கத்துகிட்ட பதிவு பண்ணணும்னு 2024-ல விதியே போட்டுட்டாங்க. கவுன்டர்ல "பதிவு இருக்குங்களா?"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க முழிக்கறதுலயே பதில் தெரிஞ்சுடும். நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டுல வெச்சிருந்தா கேள்வியே வேண்டாம். அது சட்டப்படி தப்பு.

சரி, போற இடத்துக்கு வருவோம். என்னோட முதல் ஓட்டு, ஈரோடு பக்கம் இருக்கற வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு. கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரைன்னு எல்லாம் மரத்து மரத்துக்குக் கூடு கட்டி, ஒரே சத்தமா இருக்கும். போறதா இருந்தா நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள போயிடுங்க. மே மாசம் போய் காலி மரத்தை எண்ணிட்டு வந்து என்னைத் திட்டாதீங்க! குளத்தைச் சுத்தி இருக்கற ஊர்க்காரங்க பல வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லை. பறவைங்க பயந்து கூட்டை விட்டுப் போயிடும்னு மத்தாப்பு, புஸ்வாணத்தோட நிறுத்திக்கறாங்க. அங்கயும் பசங்க இருக்காங்க, அங்கயும் சிவகாசி சரவெடி கிடைக்கும். இருந்தும் விட்டுக் கொடுக்கறாங்க பாருங்க! உங்க வாண்டுகிட்ட இந்தக் கதையைக் கண்டிப்பா சொல்லுங்க.

திருப்பூர்க்காரங்களுக்கு நஞ்சராயன் குளம் இருக்கு. 2022-ல தமிழ்நாட்டோட 17-வது பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சர் பட்டியல்லயும் ஏறிடுச்சு. இமயமலையைத் தாண்டிப் பறக்கற வரித்தலை வாத்து, குளிர்காலத்துல நம்ம பனியன் ஊருக்கு வந்துட்டுப் போகுது. கோயமுத்தூருக்குள்ளயே வேணும்னா சிங்காநல்லூர் குளம். காலையில ஏழு மணிக்குள்ள போனா நாமக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் பார்க்கலாம். பைனாகுலருக்குக் காசு போடாதீங்க. உங்க காலேஜ் நேச்சர் கிளப் பீரோவுல ஒண்ணு தூங்கிட்டிருக்கும், கேட்டு வாங்குங்க.

"பறவை எல்லாம் போர் மாமா, யானை வேணும்"னா, பொள்ளாச்சி வழியா டாப்ஸ்லிப். கோழிகமுத்தி யானைகள் முகாமுக்கு வனத்துறை வண்டியிலதான் போகணும். கோடையில காட்டுத்தீ பயத்துக்கு மூடறதும் உண்டு, கேட்டுட்டுக் கிளம்புங்க. ஜூ கூண்டோட பார்த்தா யானைக்குக் காடு எவ்வளவோ தேவலை. அதுக்காக அது சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். காலுல சங்கிலி இருக்கும், பசங்க பார்த்துட்டுக் கேப்பாங்க. அப்ப சின்னத்தம்பி கதையைச் சொல்லலாம். நம்ம தடாகம் பக்கம் சுத்திட்டிருந்த காட்டு யானை. 2019 ஜனவரியில பிடிச்சு டாப்ஸ்லிப் காட்டுல விட்டாங்க. அவன் அங்க நிக்கலை, உடுமலைப் பக்கம் நடந்து வந்துட்டான். கரும்புக் காடு, வாழைத் தோட்டம்னு சுத்தினவனைப் பிப்ரவரியில மறுபடியும் பிடிச்சு, அப்புறம் கும்கியா பழக்கிட்டாங்க. வெள்ளாமை போன விவசாயி பக்கமும் நியாயம் இருக்கு, அவன் பக்கமும் நியாயம் இருக்கு. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு வாண்டு கேட்டா, எனக்கே இன்னும் தெரியலைடான்னு சொல்லுங்க. தப்பில்லை.

உடுமலைப் பக்கம் போனா அமராவதி முதலைப் பண்ணையும் இருக்கு. முதலை ஆடாம அசையாம கிடக்கும். "பொம்மையா மாமா?"ன்னு பசங்க கேப்பாங்க. பக்கத்துல நிக்கற ஒரு பெரிய மனுஷன் அது பொம்மையான்னு செக் பண்ண கல்லை எடுப்பார். அவர் கையைப் பிடிக்கற தைரியம் உங்களுக்கு இருந்தா மட்டும் போங்க. உடம்பைச் சூடு பண்ணிக்க அது மணிக்கணக்கா வெயில் காயும்னு அவருக்கும் சேர்த்தே சொல்லிடலாம்.

இது எதுவுமே வேண்டாம், பஸ் காசுக்கு மேல செலவு ஆகக் கூடாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன். காங்கேயம், தாராபுரம் பக்கம் சொந்தக்காரங்க யாரும் இல்லாத கொங்கு வீடு இருக்கா? அங்க கொறங்காடுன்னு ஒண்ணு இருக்கும். சுத்தியும் கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுங்களைக் காலையில உள்ள விட்டுட்டுப் படலைச் சாத்திட்டா, கயிறும் இல்லை, மேய்க்க ஆளும் இல்லை. அதுங்க இஷ்டத்துக்கு மேயும், இஷ்டத்துக்கு நிழல்ல படுக்கும். நாலு வயசுக்குச் சிங்கம்தான் வேணும்னு இல்லைங்க. கன்னுக்குட்டி, வெள்ளாட்டுக் குட்டி, வேலியில ஓடற ஓணான், இதுவே ஒரு நாளுக்குத் தாங்கும்.

தோட்டத்துச் சாளையில இருக்கற அப்பாருகிட்ட முதல்ல கேட்டுக்கங்க. எந்த மாடு சாது, எது முட்டும்னு அவருக்குத்தான் தெரியும். அப்புறம் வாண்டைப் படலுக்குப் பக்கத்துல நிக்க வெச்சு, கையை நீட்டச் சொல்லுங்க. கன்னுக்குட்டியைத் துரத்த வேண்டாம், புடிச்சு இழுத்துட்டு வரவும் வேண்டாம். அதுக்குத் தோணுச்சுன்னா தானா வந்து, சொரசொரன்னு நாக்கால நக்கும். வரலைன்னா, "இன்னிக்கு அதுக்கு விளையாட மனசில்லையாம், நாளைக்கு வரலாம்"னு சொல்லிட்டுச் சாப்பிடக் கூட்டிட்டுப் போங்க. அப்பத்தா அதுக்குள்ள கம்பஞ்சோறும் தயிரும் எடுத்து வெச்சிருப்பாங்க.