பெயரில்லாத உழைப்பும் உழைப்பில்லாத பெயரும்

பாரிஸ் மாநகரில் ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆடைக் காட்சிகள் நடைபெறுகின்றன. செல்வந்தர் ஒருவரின் உடலளவுக்கென்றே, பெரும்பகுதியும் கையால் தைத்துக் கொடுக்கப்படும் ஆடைகள் அங்கே மேடையேறுகின்றன. பிரெஞ்சு மொழியில் அவற்றை 'ஓத் கூத்யூர்' என்பர். அவற்றின் விலையைக் கேட்டால் சிறு சங்கம் ஒன்றின் ஓராண்டு விற்பனை நினைவுக்கு வந்து பெருமூச்சு விட நேரும். நெசவாளரும் பட்டுக்கூடு உற்பத்தியாளரும் படிக்கும் இவ்விதழில் அக்காட்சிகளைப் பற்றி எழுதுவானேன் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் மிலானிலும் பாரிஸிலும் நடந்த காட்சிகளில் நம் நாட்டுக் கைத்தொழில் நான்கு இடங்களில் தலைகாட்டிற்று. அந்நான்கையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது, பதிவேடுகளோடு காலங்கழிக்கும் எனக்கு நம் சங்கங்களின் நிலையே கண்முன் நின்றது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

மேடையில் கண்டவை

முதலாவது, இத்தாலி நாட்டுப் பிராடா நிறுவனம் மிலானில் நடத்திய ஆடவர் ஆடைக் காட்சி. அதில் நடந்து வந்தவர்கள் சிலர் காலில் அணிந்திருந்தவை கோலாப்பூர்ச் செருப்பின் அச்சாகவே இருந்தன. ஆனால் நிறுவனத்தின் குறிப்பில் தோல் செருப்பு என்ற அளவில் இருந்ததேயன்றிக் கோலாப்பூர் என்ற பெயர் இல்லை. அச்செருப்பு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்களும் அக்குறியீட்டுக்கு உரியவை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், இவ்வடிவம் இந்தியக் கைவினையிலிருந்து வந்ததென்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில், இரு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, சுமார் 2,000 இணை செருப்புகளை நம் நாட்டிலேயே செய்வித்து, இணை ஒன்று ஏறக்குறைய 800 யூரோ விலையில் விற்கப்போவதாக அறிவித்தது.

இரண்டாவது, லூயி வித்தோன் நிறுவனம் பாரிஸில் நடத்திய காட்சி. அதன் அரங்கமே நம் பரமபத விளையாட்டின் கட்டமாக அமைந்திருந்தது. அதை அமைத்தவர் மும்பைக் கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயின். அவர் பெயர் முறைப்படி சொல்லப்பட்டது. மூன்றாவது, தியோர் நிறுவனத்தின் மேலங்கி ஒன்று. மெல்லிய உலோகக் கம்பியைத் துணியில் பதித்துச் செய்யும் 'முகைஷ்' என்னும் லக்னோ வேலைப்பாடு அதில் இருந்தது. விலை இரண்டு லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. லக்னோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்று குறை எழுந்தது. நான்காவது, ஜூலையில் ராகுல் மிஸ்ரா நடத்திய காட்சி. 2020 ஜனவரியில் பாரிஸ் 'ஓத் கூத்யூர்' வாரத்தின் அதிகாரபூர்வ அட்டவணையில் இடம்பெற்ற முதல் இந்தியர் இவர். சூபி மரபு கூறும் அன்பின் ஏழு நிலைகளை இம்முறை ஊசி நூலால் எழுதிக் காட்டினார். அவர் ஆடைகள் நம் கைவினைஞரின் தையல் வேலை என்பது உலகறிந்தது.

அவ்வாடைகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்த நம் உறுப்பினர் சிலர், "இவற்றை உடுத்திக்கொண்டு பேருந்தில் ஏற முடியுமா, சார்?" என்று நகைத்தார்கள். முடியாதுதான். இவற்றை வாங்குவோர் உலகெங்கும் சேர்த்துச் சில ஆயிரம் பேரே என்பர். பெரிய நிறுவனங்களுக்குக் காட்சி ஒரு விளம்பரம். வருமானம் கைப்பையிலும் நறுமணத் தைலத்திலும் வருகிறது. எனினும் கைவேலையை உச்சியில் ஏற்றி வைக்கும் அந்த முறையை நான் ஏளனம் செய்யமாட்டேன். இருவர் அமர்ந்து மூன்று நாடா போட்டுக் கோர்வைக் கரை பிணைக்கும் காஞ்சிபுரத்து நெசவும் இதே இனத்தைச் சேர்ந்த உழைப்பன்றோ? 2021 ஜூலையில் வைஷாலி ஷடங்குலே என்னும் பெண்மணி பாரிஸில் காட்சி நடத்தியபோது, அவர் நம்பி நின்றது கைத்தறித் துணியைத்தான். வட கர்நாடகத்தில் ரவிக்கைக்கு மட்டுமே பயன்பட்டுவந்த 'கண' என்னும் துணியையும் உலகச் சந்தைக்குரிய ஆடையாக்கியவர் அவர். துணி சிறியதென்று பார்க்கவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. 'ஓத் கூத்யூர்' என்ற சொல்லையே பிரான்சு தேசம் 1945 முதல் விதி வகுத்துக் காத்துவருகிறது. பாரிஸில் தொழிற்கூடம் இருக்கவேண்டும். குறித்த எண்ணிக்கையில் முழுநேரத் தொழிலாளர் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஆடை வரிசை காட்டவேண்டும். இவை இல்லாத கடைக்காரர் அச்சொல்லைத் தம் பலகையில் எழுதலாகாது. தன் பெயரை இவ்வளவு கருத்தாகக் காக்கும் ஆடை உலகில், கோலாப்பூரின் பெயரும் லக்னோவின் பெயரும் மறந்துபோயின. இது குற்றமே. நம் நாட்டார் கண்டித்ததும் முறையே.

நம் வீட்டுக் கணக்கு

ஆனால் கண்டித்த கையோடு நம் பேரேட்டையும் திறந்து பார்க்கவேண்டும். இந்த எல்லைப்புறத்தில் எத்தனையோ பொருள்கள் பெயரின்றியே வெளியேறுகின்றன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளின் பெருவிளைச்சலான மாம்பழத்துக்கே 'பெங்களூரா' என்றுதான் பெயர். கூழாகிக் கடல் கடந்தபின் அப்பெயரும் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மல்பெரி பயிரிடுவோர், விலை கூடுதலாகக் கிடைக்கும் நாளில் எல்லை கடந்து ராமநகரம் அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிறார்கள். அங்கே ஏலம் முடிந்ததும் கூடு யாருடையது என்பது அழிந்துவிடுகிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ வெண்கூடு வேண்டும். ஒரு பட்டுச் சேலைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் பட்டு செல்கிறது. இருபத்தைந்து நாள் கண்விழித்துப் புழு வளர்த்த குடும்பத்தின் பெயரை அந்தச் சேலையை உடுத்தும் மணப்பெண் அறிவாளா? பட்டுப்புழு மூலவகைகளைக் காக்கும் மத்திய நிலையமும், பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையமும் ஓசூரிலேயே உள்ளன. விதை முதல் கூடு வரை நம்மிடம் இருக்கிறது. பெயர் ஒன்றுதான் நம்மிடம் இல்லை.

இது பெயரில்லாத உழைப்பு. இதனினும் கொடியது ஒன்றை என் உத்தியோகத்தில் கண்டேன். சங்கத்தின் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன்.

தீபாவளித் தள்ளுபடி விற்பனை முடிந்தபின் ஒரு கைத்தறிச் சங்கத்தின் உற்பத்திப் பதிவேட்டைத் தணிக்கை செய்தேன். சங்கத்தில் ஓடும் தறிகள் 18. ஒரு சேலைக்கு இரண்டு நாள். மாதம் 25 வேலை நாள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் தறி ஒன்றுக்கு 12, ஆகக்கூடி 216 சேலைகளுக்கு மேல் வர வழியில்லை. புரட்டாசி மாதத்துக்கு எழுதியிருந்ததோ 410. கொடுத்த நூலின் எடையும் அதில் பாதிக்குக்கூடப் போதவில்லை. மூத்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்குச் சென்றேன். தறியில் பாவு இல்லை. நாடாவில் தூசி படிந்திருந்தது.

"சார், ஒரு மாதமாக இந்தத் தறியில் பாவு ஏறவில்லை. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருபத்திரண்டு சேலை எழுதியிருக்கும். கையெழுத்தும் என்னுடையதுதான்" என்றார் அவர்.

"ஏன் ஐயா கையெழுத்துப் போட்டீர்கள்?"

"நூல் வரவில்லை. பண்டிகைக்குப் பணம் வேண்டுமே! சேலைக்கு இவ்வளவென்று கொஞ்சம் கொடுத்தார்கள். துணி எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பணமும் வந்திருக்காது."

துணி விசைத்தறியிலிருந்து வந்ததென்பது ஊரறிந்த செய்தி. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று 22 வகைகளை ஒதுக்கியது. இன்று அது 11 வகையாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பதினொன்றையும் வெளியார் வந்து கவரவில்லை. நம் சங்கத்தின் முத்திரையே அந்தப் போலித் துணிமேல் இருந்தது. மிலானில் செய்தவன் பெயர் இல்லாமல் பொருள் மேடையேறிற்று. இங்கே செய்யாதவன் பெயரை ஒட்டிப் பொருள் விலைபோயிற்று. இரண்டிலும் நட்டம் தறிக்கே.

நான் அறிக்கை எழுதினேன். தள்ளுபடி மானியம் நிறுத்தப்பட்டது. சில மாதங்கள் அந்தப் பதினெட்டுத் தறிகளும் நூலின்றி நின்றன. குற்றம் செய்தவர் சிலர். கூலி இழந்தவர் அனைவரும். இன்று அவ்வழியே செல்லும்போது அந்தப் பெரியவர் "வாங்க சார்" என்கிறார். முன்போல் காபி கொண்டுவரச் சொல்வதில்லை. எழுதியது சரியென்றே நம்புகிறேன். ஆயினும் நூல் ஏன் வரவில்லை என்ற கேள்வியை அறிக்கையின் முதல் வரியில் எழுதாமல் கடைசி வரியில் எழுதியது என் பிழை. வேலை தராத சங்கம் உறுப்பினரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

செய்யத்தக்கவை

அப்பெரியவரின் மகன் ஓசூர்ச் சிப்காட்டில் ஓர் ஆலையில் பணிபுரிகிறான். அவன் சொன்னான்: "சார், எங்கள் ஆலையில் முக்கியமான உறுப்பு ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எங்காவது ஒன்று பழுதானால், எந்த நாள், எந்த முறையில், எந்த எந்திரத்தில் செய்தது என்று அரைமணியில் சொல்லிவிடுவார்கள். அப்பா நெய்த சேலையைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது." இரும்பு உறுப்புக்கு உள்ள பிறப்புச் சான்று பட்டுச் சேலைக்கு இல்லை! இதைக் கேட்டு நான் வெட்கமுற்றேன்.

துணியைப் பற்றிய உண்மையைச் சொல்வதால் வணிகம் கெடும் என்று அஞ்சுவோர்க்கு நம் சென்னைக் கட்டத் துணியின் வரலாற்றை நினைவூட்டுவேன். 1958-இல் அமெரிக்காவுக்குச் சென்ற அத்துணி துவைத்தபோது சாயம் விட்டது. வாங்கியோர் சினந்தனர். பின்னர், இது காய்கறிச் சாயம் தோய்த்த கைத்தறி, துவைக்குந்தோறும் நிறம் கலந்து புதுமை காட்டும் என்று உள்ளதை உள்ளபடி விளம்பரம் செய்தார்கள். குறையென்று திருப்பிய துணியையே மக்கள் தேடி வாங்கினர் என்பது வழங்கிவரும் செய்தி. துணியின் இயல்பை மறைத்தபோது வழக்கு வந்தது. வெளிப்படச் சொன்னபோது வாடிக்கை வந்தது.

ஆகவே மூன்று யோசனைகளை உறுப்பினர்முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு துணியோடும் ஓர் அட்டை. நெய்தவர் பெயர், தறி எண், பிடித்த நாட்கள், நூல் வந்த இடம். இது புதிதன்று, கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையோடு பட்டுச் சேலை விற்றதுண்டு. 2004 முதல் பட்டு முத்திரையும் 2006 முதல் கைத்தறி முத்திரையும் நடைமுறையில் உள்ளன. ஆனால் அட்டை அச்சிடுவதற்குமுன் தறியை எண்ணுங்கள். மாதம் ஒருமுறை உறுப்பினர் மூவர் வீடுவீடாகச் சென்று, ஓடும் தறி எத்தனை, நிற்கும் தறி எத்தனை, ஏன் நிற்கிறது என்று எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டட்டும். இன்றேல் அந்த அட்டையும் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

இரண்டு: பட்டுக்கூடு உற்பத்தியாளரும் பட்டு நெசவாளரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே பாயில் அமர்ந்து பேசவேண்டும். இன்ன ஊர்க் கூட்டிலிருந்து எடுத்த பட்டு என்ற வரி அட்டையில் ஏறினால், கூட்டின் தரத்தில் இருவருக்கும் அக்கறை பிறக்கும். கூடு வளர்ப்போரும் நெய்வோரும் கூட்டுறவு என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது வியப்புக்குரியது.

மூன்று: புவிசார் குறியீடு பெற்ற பொருளைச் செய்யும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளவேண்டும். குறியீடு சங்கத்தின் அல்லது அரசின் பெயரில் இருப்பது மட்டும் போதாது. பதிவுக் கட்டணம் 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஒரு காபியின் விலையைவிடக் குறைவான செலவில் கிடைக்கும் உரிமையை விட்டுவைத்துப் பிராடாவைக் குறைகூறுவதில் பயனில்லை.

பெயர் எழுதினால் கூலி உயருமா என்று கேட்பீர்கள். உடனே உயராது. அட்டை சோறு போடாது என்பதை நான் அறிவேன். கூலியை உயர்த்த வேறு போராட்டம் வேண்டும். ஆயினும் ஏறப்போகும் விலையில் பங்கு கேட்க வேண்டுமானால், இது நான் செய்தது என்று காட்டும் சீட்டு முதலில் கையில் இருக்கவேண்டும். கோலாப்பூர்க்காரர்களுக்குக் குறியீடு இருந்தது. அதனால் அவர்கள் எழுப்பிய குரலுக்கு மதிப்பு இருந்தது. ஆறு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. நாளை வெளிநாட்டு மேடையொன்றில் நம் கோர்வைக் கரையோ நம் பட்டோ தோன்றினால், நாம் எதைக் காட்டி உரிமை கேட்போம்? இருபத்திரண்டு சேலை என்று பொய்யாய் எழுதிய பதிவேட்டையா?

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை படிக்கும்போது எவரேனும் ஓர் உறுப்பினர் எழுந்து, "ஓடும் தறி எத்தனை? நூல் எப்போது வரும்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை அமராதீர்கள். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பங்குதாரருக்கும் உண்டு. தணிக்கைக்கு வரும் என்னைப் போன்றவர்களின் வேலையும் அதனால் பாதியாகக் குறையும்.