ஒரு கையெழுத்து கேட்க என்ன தயக்கம்?

பூவத்தில் தமிழ்நாடு–புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் முதல்வர் மாறுகிறார், மது விலை மாறுகிறது, அரசுப் பள்ளியின் பாடத்திட்டமும் மாறுகிறது. தரங்கம்பாடிப் பக்கம் சமச்சீர்க் கல்வி. காரைக்கால் பக்கம் இப்போது சிபிஎஸ்இ. இரு பக்கமும் மாறாமல் இருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியும், ஒரு மாணவரை அவருடைய சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது. மாணவர் சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இத்தனை தெளிவாக எழுதப்பட்ட விதியை இரு பக்கத்திலும் எவரும் சீண்டுவதில்லை.

2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு 13 பக்க வழிகாட்டுதல் ஒன்றை அனுப்பியது. காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும். வளாகத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை வேண்டும். பிற சமயப் பிள்ளைகள்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் எரிச்சல் வருகிறது. திணிக்காதே என்று சொல்லிவிடுவது சுலபம். தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, மற்றவர்களின் பெற்றோரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் கடினமான வேலை. முகப்புரையை உரக்க வாசித்தால் அந்த வேலை முடிந்துவிடுமா?

ஓர் எண்ணை முதலில் பார்ப்போம்: 74.01. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிறிஸ்தவச் சமூகப் பள்ளிகளில் படிப்போரில் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் 74.01 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் கிறிஸ்தவர்கள் 6.29 விழுக்காடு, தமிழ்நாட்டில் 6.12. அப்படியிருக்க, வகுப்பை நிறைப்பவர்கள் வேறு யார்? ஆணையம் இந்த எண்ணை வைத்துச் சிறுபான்மைப் பள்ளிகளையும் கல்வி உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரக் கேட்டது. அது கிடக்கட்டும். எனக்கு இந்த எண் வேறொன்றைச் சொல்கிறது. நான்கில் மூன்று வீடுகள் கன்னியர் நடத்தும் பள்ளி என்று தெரிந்தேதான் வாசலில் வரிசையில் நிற்கின்றன. ஆங்கிலமும் ஒழுங்கும் வேண்டும் என்று வருபவர்கள், கேட்டால் பதில் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை.

கேட்காததன் விளைவு, கத்தோலிக்கச் சமயப் பாடமான மறைக்கல்வி கூச்சத்தோடு நடக்கும் வகுப்பாகிவிட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, மற்றவர்கள் 'நன்னெறி' வகுப்புக்கு. நன்னெறி ஆசிரியர் வராத நாளில் அங்கே கணக்குப் பாடம். இதைவிடப் பரிதாபம் தியான நாள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது. முப்பது நாள் மௌனத்தில் தன்னைத் தானே விசாரிக்கும் அந்த முறையை இயேசு சபையார் கையோடு கொண்டுவந்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குப் போன புனித வளனார் கல்லூரி அவர்களுடையதுதான். முப்பது நாள் மாணவர்களுக்காக மூன்றாகி, ஒன்றாகிச் சுருங்கியது. அந்த ஒரு நாளில் புத்தகம் இல்லை, மதிப்பெண் இல்லை. ஃபாதரோ சிஸ்டரோ பேசுவார், பிறகு பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்து தாங்கள் செய்ததை நினைத்துப் பார்ப்பார்கள். இன்று அந்த நாளுக்கு 'ஆளுமை வளர்ச்சி முகாம்' என்று பதாகை கட்டி, மைக் பிடித்த ஒருவர் நீட் தேர்வில் வெல்வது எப்படி என்று முழங்குகிறார். பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த ஒரே அமைதியான நாளையும் கோச்சிங் சென்டரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்ஸைப் பாருங்கள். மதச்சார்பின்மையில் அதைவிடக் கறாரான நாடு எது? அங்கே 1882 மார்ச் 28ஆம் தேதிச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து சமய போதனையை வெளியேற்றியது. அதே சட்டம், ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளிக்கு விடுமுறை விட்டது. விரும்பும் பெற்றோர் பள்ளிக்கு வெளியே தம் பிள்ளைக்குச் சமயம் கற்பிக்கட்டும் என்றது. நெடுங்காலம் அது வியாழக்கிழமை. 1972இல் புதனுக்கு மாறியது. 1959இன் தெப்ரே சட்டம் இன்னும் தெளிவு. ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். பதிலுக்கு அவை எந்தச் சமயத்துப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும், மனச்சான்றின் சுதந்திரத்தை மதிக்க வேண்டும். தம் தனித்தன்மையை விட வேண்டியதில்லை. 1905இல் திருச்சபையையும் அரசையும் பிரித்தபோது ஜெர்மனி வசம் இருந்த அல்சாஸ் பகுதியில் அரசுப் பள்ளியிலேயே இன்றும் சமயப் பாடம் உண்டு. வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். கடவுளை அரசிலிருந்து வெளியேற்றிய நாடு பெற்றோரின் விருப்பத்துக்கு நாள் ஒதுக்கிச் சட்டம் எழுதியது. கடவுளை எங்கும் விடாத நாமோ ஒரு கையெழுத்து வாங்க யோசிக்கிறோம்.

இனி எதிர்ப்பாளர்கள். 'மிஷன் பள்ளி என்றாலே மதமாற்றம்' என்பவர்களுக்குச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரே போதுமான பதில். பெர்சிவல் பாதிரியாரோடு பணியாற்றிய நாவலர், மிஷன் பள்ளியின் முறைகளை எடுத்துக்கொண்டு 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப் பள்ளி நிறுவினார். பூட்டுப் போடச் சொல்லிக் கூச்சலிடவில்லை. 'பள்ளியில் எந்தச் சமயமும் கூடாது' என்பவர்கள் 2024இல் நடந்ததைத் திரும்பிப் பார்க்கட்டும். சென்னை அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் அரசுப் பள்ளிகளுக்குள் தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்ற பெயரில் ஒருவர் புகுந்து, முற்பிறவிப் பாவத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். எழுந்து கேள்வி கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். வாசலில் சமயம் என்று எழுதி உள்ளே வந்திருந்தால் அந்தப் பேச்சாளரைத் தடுத்திருக்கலாம். தன்னம்பிக்கை என்று எழுதியதால் மேடை கிடைத்தது. ஒளித்து வைத்த சமயம்தான் ஆபத்தானது.

மூன்றாவது எதிர்ப்பு நிர்வாகத்தினுடையது: பெற்றோரிடம் கேட்டால் பயந்துவிடுவார்களாம். சுற்றுலாவுக்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள், தடுப்பூசிக்கு வாங்குகிறீர்கள், கட்டணம் கட்டத் தவறினால் அழைத்து வைத்தே வாங்குகிறீர்கள். இதற்கு மட்டும் பயந்துவிடுவார்களா? பயம் பெற்றோருக்கு இல்லை, பள்ளிக்குத்தான். மறைக்கல்வி வேண்டாம் என்ற பதில் குவிந்துவிடுமோ என்ற பயம்.

குவியட்டும். இலங்கையின் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பொதுத் தேர்வுக்கு அவரவர் சமயம் கட்டாயப் பாடம். அந்த அளவுக்குப் போக வேண்டாம். வரும் ஜூனில் சேர்க்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள் போதும்: மறைக்கல்வி, எல்லாச் சமயங்களையும் பற்றிய பாடம், இரண்டும் வேண்டாம். தியான நாளுக்குத் தனிக் கையெழுத்து. திருப்பலி கத்தோலிக்கருக்கு, மௌனம் எல்லோருக்கும். கல்லூரிகளுக்காக ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949இலேயே பரிந்துரைத்த மௌனம்தான் அது. சம்மதப் படிவம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை என்று புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே நாளில் ஆணையிடட்டும். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ நிர்வாகம் என்ற பேதமே வேண்டாம். அப்படிச் செய்தால் பள்ளி வாசலில் கொடி பிடிக்கும் கூட்டம் ஒரே கல்வியாண்டில் கலைந்துவிடும். செய்ய மறுக்கும் பள்ளி, ஒன்று பெற்றோரை ஏமாற்றுகிறது, அல்லது தன் நம்பிக்கையைத் தானே நம்பவில்லை.