முலாம் பட்டறைகளை மூடியது சட்டமா?

அமெரிக்காவில் துப்பாக்கிக்கு நிக்கலும் குரோமும் பூசித்தரும் சிறு பட்டறைகள் அருகி வருகின்றன. தாத்தா விட்டுச்சென்ற ரிவால்வரை எடுத்துப்போய், “புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்” என்று கேட்க முன்பு பக்கத்து ஊரிலேயே ஓர் ஆள் இருப்பார். இன்று அவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், துப்பாக்கிப் பிரியர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: “சுற்றுச்சூழல் சட்டமும் உரிமச் சட்டமும் சேர்ந்து கொன்றுவிட்டன.” இந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை. இதையும் இதையொட்டிச் சொல்லப்படும் மற்ற வாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: குரோமியக் கட்டுப்பாடுகள்தான் பட்டறைகளை மூடின.

கடினக் குரோம் முலாமைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. அந்த முலாம் பூசும் தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளில் ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் இருக்கிறது. வேலையிடக் காற்றில் அதற்கிருந்த உச்சவரம்பை, அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2006-இல் கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5-ஆகக் குறைத்தது. கலிஃபோர்னியா 2023-இல் இன்னும் கடுமையாகி, 2039-க்குள் இந்த முறையையே முற்றிலும் கைவிட வேண்டும் என்று விதித்தது. சிறு பட்டறைக்கு இவையெல்லாம் பெரும் செலவுதான்.

ஆனால் நிக்கல் தொட்டியில் அந்தக் குரோமியம் கிடையாது. எஃகைக் கருநீலமாக்கும் ‘புளூயிங்’ வேலையிலும் கிடையாது. காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்பையும் ஏறத்தாழ 140 டிகிரியில் கொதிக்கவைத்து, எஃகின் மேல்தோலைக் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றும் வேலை அது. குரோமியச் சட்டம் தொடாத அந்த வேலைகளைக் கைநேர்த்தியோடு செய்தவர்களும் ஏன் குறைந்தார்கள்? சட்டத்தைக் குற்றம் சாட்டுபவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. குரோம் தொட்டியருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்தது. துப்பாக்கியின் பளபளப்புக்கு அவர்கள் மூச்சை விலையாகக் கொடுத்தார்கள். அதைத் தடுக்க வந்த விதியைக் கொலையாளி என்று அழைப்பது அநியாயம்.

இரண்டாம் வாதம்: சட்டம் வரும்வரை தொழில் நன்றாகத்தான் இருந்தது.

இல்லை. உலோகமே அதற்கு முன்னால் மாறிவிட்டது. 1870-களில் துப்பாக்கிக்கு நிக்கல் பூசியது அழகுக்காக மட்டுமில்லை. கரும்பொடி மருந்தின் கசடு எஃகை அரித்தது. நிக்கல் அதைத் தாங்கியது, துடைக்கவும் எளிதாக இருந்தது. 1965-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ‘மாடல் 60’ என்ற முதல் துருப்பிடிக்கா எஃகு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவின் குளோக் 1982-இல் பாலிமர் உடலோடு வந்தது. அதன் எஃகுப் பாகங்களுக்குத் தொழிற்சாலையிலேயே நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்தினார்கள். பூச வேண்டிய தேவையே பாதி போய்விட்டது.

நம் வீடுகளில் நடந்ததும் இதுதான். எவர்சில்வர் வந்ததும், தெருவில் கூவிக்கொண்டு வந்த ஈயம் பூசுகிறவர் மறைந்தார். அவரை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. பித்தளைப் பாத்திரம் பரணுக்குப் போனது, அவர் பிழைப்பும் அதோடு போனது.

மூன்றாம் வாதம்: உரிமக் கெடுபிடி சிறு பட்டறைகளை ஒழித்தது.

1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வாடிக்கையாளரின் துப்பாக்கியை வாங்கிவைத்துத் தொழிலாகப் பழுதுபார்ப்பவருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். வந்தது, போனது எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். சரி. ஆனால் ‘செராகோட்’ போன்ற பீங்கான் கலந்த பூச்சைத் தெளித்து அடுப்பில் உலர்த்தும் பட்டறைகளுக்கும் அதே உரிமம், அதே பதிவேடுதான். அவை நாடெங்கும் பெருகியிருக்கின்றன. ஒரே விதி ஒரு தொழிலைக் கொன்று இன்னொன்றை வளர்க்குமா?

நான்காம் வாதம்: புதுப் பூச்சு பழையதைவிட மேல், ஆகவே இழப்பு ஒன்றுமில்லை.

உப்புக் காற்றையும் வியர்வையையும் தடுப்பதில் செராகோட் புளூயிங்கைவிட மிக உயர்ந்தது. புளூயிங் எண்ணெய் இல்லாவிட்டால் துருவுக்கு வழிவிடும். நிக்கலுக்கும் குறை உண்டு: அடியில் செம்பு பூசியிருந்தால், அமோனியா கலந்த துப்புரவு திரவம் செம்பைக் கரைத்து நிக்கலை உரித்துவிடும். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செராகோட் எஃகின்மேல் ஏறக்குறைய 25 மைக்ரான் தடிமனில் படியும் படலம். நூறாண்டு பழமையான செதுக்கு வேலைப்பாட்டின் மெல்லிய கோடுகளை அது மங்கவைக்கும். எலும்புக்கரியிலும் மரக்கரியிலும் சுட்டு நீரில் அமிழ்த்தும்போது எஃகில் தோன்றும் நீலமும் பழுப்பும் எந்தத் தெளிப்பானிலும் வராது. ஆக, இழப்பு உண்டு.

ஐந்தாம் வாதம்: இளைஞர்களுக்குக் கற்க மனமில்லை.

கலிஃபோர்னியாவின் லாசென் கல்லூரி 1945 முதலும், கொலராடோவின் டிரினிடாட் கல்லூரி 1947 முதலும் துப்பாக்கி செப்பனிடும் தொழிலைக் கற்பித்து வந்திருக்கின்றன. கற்க வந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். கூலிதான் கட்டுப்படியாகவில்லை. முலாம் வேலையின் உயிர் தொட்டியில் இல்லை, அதற்கு முன் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றும் ‘பஃப்பிங்’ வேலையில் இருக்கிறது. முலாம் எந்தக் கீறலையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். கை ஒரு நொடி தவறினால் திருகுத் துளையின் விளிம்பு குழிந்துவிடும், பொறித்த எழுத்து மழுங்கிவிடும், நேர்க்கோட்டு முனை உருண்டுவிடும். ஒரு ரிவால்வருக்குப் பல மணி நேரம் பிடிக்கும் அந்த வேலைக்குரிய கூலியை, மலிவான புதுத் துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டு வாடிக்கையாளர் பின்வாங்கினார். சேகரிப்பாளர்களும் கைகொடுக்கவில்லை. தேய்ந்திருந்தாலும் மூலப் பூச்சுக்கே அவர்கள் அதிக விலை தந்தார்கள். மறுபூச்சு போட்டதை ஒதுக்கினார்கள்.

ஆக, பட்டறைகளைக் குறைத்தவை மூன்று: துருப்பிடிக்காத உலோகம், கட்டுப்படியாகாத கூலி, மாறிய சேகரிப்பு ரசனை. சட்டம் குரோம் தொட்டிக்கு மட்டும் கடைசியில் ஒரு சுமை ஏற்றியது. நாளையே எல்லா விதிகளையும் நீக்கினாலும் பஃப் சக்கரத்தின் முன்னால் நிற்க ஓர் ஆள் கூடுதலாக வரமாட்டார். அந்தத் தொழிலாளியின் நுரையீரல் மட்டும் மறுபடி ஆபத்துக்குள்ளாகும். இந்தக் கைத்திறன் பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள், விதிகளைத் தளர்த்தச் சொல்வதை விட்டுவிட்டு, அந்தக் கைகளுக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும்.