நீதிபதி அம்மாளின் தீர்ப்பும் கதாசிரியரின் வரமும்

அமெரிக்காவில் "சிற்றூர்க் காதல் நாவல்" என்பதாக ஒரு தினுசுப் புத்தகம் ஏராளமாய் விற்பனையாகி வருகின்றது. கதையும் ஏறக்குறைய ஒன்றேதான். புருஷனை விட்டு விலகிய, அல்லது புருஷனால் விலக்கப்பட்ட ஒரு பெண் ஒரு சிறிய ஊருக்கு வந்து சேருவாள். அங்கே ஒரு ரொட்டிக்கடையோ, பாட்டி விட்டுப்போன வீடோ அவளுக்காகக் காத்திருக்கும். ஊரார் அன்பு காட்டுவார்கள். கடைசிப் பக்கத்திற்குள் ஒரு நல்ல ஆண்மகனும் கிடைத்துவிடுவான். கற்றறிந்தவர்கள் என்று பேர்படைத்த பலர் இதைப் "பெண்பிள்ளைகள் படிக்கும் குப்பை" என்று தள்ளிவிடுகின்றார்கள்.

நாம் அப்படித் தள்ளிவிடத் தயாராயில்லை. குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டிற்குச் சுமந்து போனவளை உத்தமி என்று சொல்லும் கதை புண்ணிய கதையாம்! புருஷனை விட்டு விலகியவளும் மனுஷிதான், அவளுக்கும் பசியும் ஆசையும் மானமும் உண்டு என்று சொல்லும் கதை மாத்திரம் குப்பையாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். விவாகரத்து ஆனவள் கதையின் முடிவில் சாகவோ, பைத்தியம் பிடித்து அலையவோ வேண்டியதில்லை என்று காட்டியதற்காகவே இந்தப் புத்தகங்களுக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம்.

ஆனால், மரியாதை வேறு, ஆராய்ச்சி வேறு. இந்த வகையில் பேர்போன ஒரு நாவலையே எடுத்துக் கொள்வோம். டெபி மாகோம்பர் என்னும் அம்மையார் எழுதி 2001-இல் வெளிவந்த "16 லைட்ஹவுஸ் ரோடு" என்பது அது. வாஷிங்டன் மாகாணத்தில், கடலோரத்தில், சீடர் கோவ் என்று ஒரு கற்பனை ஊர். அம்மையார் தாம் வாழும் போர்ட் ஆர்ச்சர்ட் என்ற ஊரைப் பார்த்தே அதைச் செய்துகொண்டார். 2013-இல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

கதையின் தலைவி ஒலிவியா என்னும் குடும்ப நீதிமன்ற நீதிபதி. ஒரு மகனைப் பறிகொடுத்து, அந்தத் துக்கத்தில் புருஷனும் விலகிப்போய், விவாகரத்தான நடுவயது மாது. அவர் முன் ஒரு இளம் தம்பதிகள் வருகிறார்கள். புருஷன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்பவன். அவன் கடலில் இருந்த சமயம் அவர்களுடைய கைக்குழந்தை இறந்து போயிற்று. பெண்ஜாதி ஓட்டலில் வேலை செய்து பிழைப்பவள். இருவரும் ரத்து வேண்டும் என்கின்றார்கள். நீதிபதி அம்மாளோ, "இவர்கள் துக்கத்தில் அவசரப்படுகிறார்கள்" என்று தம் மனதிற்குப் பட்டதால் மறுத்துவிடுகின்றார். தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் அதை மெச்சி எழுதுகின்றார். அவரே பிற்பாடு ஒலிவியாவின் காதலருமாகின்றார். அந்தத் தம்பதிகளும் பிறகு ஒன்றாகிவிடுகிறார்கள். ஆகவே தீர்ப்புச் சரியாய்ப் போயிற்று, சுபம்!

துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சற்று அவகாசம் கொடுப்பது நல்லதுதான் என்பதை நாம் மறுக்கவில்லை. யோசனை சொல்லலாம், உதவி செய்யலாம், காத்திருக்கும்படி கேட்டுக் கொள்ளவும் செய்யலாம். ஆனால், "நீ பிரியக்கூடாது" என்று உத்தரவு போடும் யோக்கியதை மூன்றாவது மனுஷருக்கு எப்படி வந்தது? தான் விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த கதவை, ஓட்டல்காரப் பெண்ணுக்கு மாத்திரம் சாத்துவது என்ன நீதி?

"அவர்கள் பிறகு சுகமாய் வாழ்ந்தார்களே" என்று சிலர் பதில் சொல்லக்கூடும். தோழர்களே! கதையில் கடவுள் ஒருவர் நிச்சயமாய் உண்டு. அவர்தான் கதாசிரியர். நீதிபதி என்ன தீர்ப்புச் சொன்னாலும் அடுத்த அத்தியாயத்தில் அதைச் சரியாக்கிக் கொடுக்க அவரால் முடியும். அடிக்கிற புருஷனைத் திருத்துவார். குடிக்கிறவனை நிறுத்துவார். உலகத்தில் அப்படி அடுத்த அத்தியாயம் எழுதித்தர யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. "பொறுத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள், சரியாகாமற் போனால் என்ன ஜவாப்தாரித்தனம் ஏற்றுக் கொள்கிறார்கள்? "கல்லானாலும் கணவன்" என்பதற்குக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டால் அது பகுத்தறிவாகிவிடுமா?

அந்நாட்டுச் சரித்திரமே இதற்குச் சாட்சி. நியூயார்க் மாகாணத்தில் 1787 முதல் 1967 வரை விபசாரம் ஒன்றே ரத்துக்குக் காரணம் என்று சட்டம் இருந்தது. பலன் என்ன? கற்பு வளர்ந்ததா? இல்லை. பொய்தான் வளர்ந்தது. கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தி, ஓட்டல் அறையில் புருஷனோடு நிறுத்திப் போட்டோ எடுத்துக் கோர்ட்டில் காட்டினார்கள். கையில் பணமுள்ளவர்கள் நெவாடா மாகாணத்து ரீனோ நகருக்குப் போய், 1931-ஆம் வருஷச் சட்டப்படி ஆறு வாரம் குடியிருந்து ரத்து வாங்கி வந்தார்கள். ஏழைப் பெண் அகப்பட்ட இடத்திலேயே கிடந்தாள். கலிபோர்னியா 1969-இல் சட்டம் செய்து, 1970 முதல், யார் மேலும் குற்றம் சாட்டாமலே பிரியலாம் என்றது. வாஷிங்டன் மாகாணமும் 1973-இல் அவ்வழிக்கு வந்தது. கல்யாணம் சீர்படாதபடி முறிந்துவிட்டது என்று ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்காவிட்டால், 90 நாள் கழித்து ரத்து கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நீதிபதியின் மனதிற்கு என்ன பட்டது என்று அது கேட்பதில்லை. நியூயார்க் கடைசியாய் 2010-இல்தான் இணங்கியது.

இப்படி வழி திறந்ததால் குடும்பம் அழிந்து உலகம் முழுகிப் போகும் என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. ஸ்டீவன்சன், வுல்ஃபர்ஸ் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் மாகாணவாரியாய்க் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒருவர் விரும்பினாலே பிரியலாம் என்று ஆன மாகாணங்களில் பெண்கள் தற்கொலை 8 முதல் 16 சதவிகிதம் வரை குறைந்தது என்றும், வீட்டுக்குள் அடி உதை சுமார் 30 சதவிகிதம் குறைந்தது என்றும் கண்டார்கள். வெளியே போகக் கதவு இருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே இருப்பவன் கை சற்று அடங்குகின்றது!

இனி, புது வாழ்வு என்பதைப் பார்ப்போம். நாவலின் பெயரே ஒலிவியாவின் வீட்டு விலாசம். ஆம், அவருக்கு வீடு இருக்கிறது, நீதிபதிச் சம்பளமும் இருக்கிறது. அதனாலேயே காதலன் வருகிறவரையில் காத்திருக்கவும், வந்தவனைப் பிடித்தால் ஏற்கவும், பிடிக்காவிட்டால் தள்ளவும் அவரால் முடிகின்றது. எல்லாப் பெண்களுக்கும் இப்படியா? லெனோர் வைட்ஸ்மன் என்னும் அம்மையார் 1985-இல், விவாகரத்துக்குப் பின் பெண்களின் வாழ்க்கை நிலை 73 சதவிகிதம் தாழ்கிறது என்று எழுதினார். அதே விவரங்களை மற்றொருவர் திரும்பக் கணக்கிட்டு, 73 தவறு, 27-தான் சரி என்று 1996-இல் காட்டினார். சரி, 27 என்றே வைத்துக் கொள்ளுங்கள். அதே கணக்கில் ஆண்களுக்கு 10 சதவிகிதம் உயர்ந்ததே! 1974-இல் சட்டம் வருகிற வரையில், கல்யாணமாகாதவள், விலகியவள் என்ற காரணத்திற்காகவே பாங்கிகள் அங்கே பெண்ணுக்குக் கடன் மறுத்து வந்தன. அந்தக் காலத்தில் ரொட்டிக்கடை வைக்க நினைத்தவள் எங்கே போயிருப்பாள்?

ஆகையால், இந்நாவல்களைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்கள் தாராளமாய்ப் படிக்கட்டும். படிக்கும்போது, கதாநாயகிக்கு யார் காதலன் ஆனான் என்பதோடு, அவள் குடியிருக்கும் வீடு யார் பேரில் இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அவள் போக நினைத்தால் யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்கட்டும். சட்டமும், தொழிலும், சொத்தும் கையில் இருக்கிறவளுக்கு இரண்டாவது கல்யாணம் இஷ்டப்பட்டால் செய்து கொள்ளக்கூடிய காரியம். அவை இல்லாதவளுக்கோ அது வேறொரு எஜமானனிடம் மாறுவதேயாகும். பெண்ணைப் பெற்றவர்கள் நகைக்குச் சேர்க்கும் பணத்தை அவள் படிப்புக்கும், அவள் பேரில் ஒரு நிலத்துக்கும் திருப்பட்டும். நாவலாசிரியரின் வரத்தை நம்பி எந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதில்லை.