அச்சிடு, கோப்பில் வை, அழி

அரசு அலுவலகம் ஒன்றுக்கு மேலிடத்திலிருந்து சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையைப் பற்றி வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடை வரை அடிபட்டுவிட்ட சங்கதி. அலுவலகத்துக்கு வரும், அலுவலகத்திலிருந்து போகும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அச்சிட்டு, பிரிவு உதவியாளர் ஒப்பமிட்டு, உரிய கோப்பில் சேர்க்க வேண்டுமாம். சேர்த்த 30 நாளுக்குள் கணினியிலிருந்து அதை நீக்கிவிட வேண்டுமாம். நீக்கியதைக் குறிக்கத் தனிப் பதிவேடு, மாதம் ஓர் அறிக்கை. இத்தனையும் சொல்லும் சுற்றறிக்கை மின்னஞ்சலில்தான் வந்தது. அதன்படி நடப்பதானால் முதலில் நீக்கப்பட வேண்டியதும் அதுதான்.

காகிதச் செலவைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். பேசட்டும். ‘மரங்களைக் காப்போம், தேவையின்றி அச்சிட வேண்டாம்’ என்று மின்னஞ்சலின் அடியில் கிடக்கும் ஒற்றை வரிக்காகவே ஒரு முழுத் தாள் கடைசியாக வெளியே வந்து விழுவதைப் பார்த்துச் சிரிக்காத அலுவலகம் இல்லை. ஆனால் நாலு ரீம் தாளுக்காக நாம் தலையங்கம் எழுதப் போவதில்லை. அச்சிட வேண்டுமென்றால் தாராளமாக அச்சிடுங்கள். பச்சை டேக் போட்டுக் கட்டுங்கள், அலமாரியில் அடுக்குங்கள். நாம் சண்டைக்கு வருவது அந்த மூன்றாவது காரியத்துக்காக. அச்சிட்டபின் ஏன் அழிக்க வேண்டும்?

அழித்தால் கணக்கே காணாமல் போகும் என்பது வெறும் பயமல்ல. சுற்றறிக்கை வருவதற்கு முன்பே அந்த அலுவலகத்தின் ஒரு பிரிவில் இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. அது நமக்குத் தெரியவந்த கதையைச் சொல்கிறோம். ஓர் ஏரி தூர்வாரிய கணக்கு வேண்டுமென்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தோம். கீழ் அலுவலகத்திலிருந்து எக்செல் கோப்பாக, மின்னஞ்சலின் இணைப்பாக அனுப்பப்பட்ட கணக்கு அது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 38 பக்கத்துக்கு 76 ரூபாய் செலுத்தச் சொன்னார்கள். செலுத்தினோம். கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் முதல் 12 தாளில் வேலையின் பெயர்கள் மட்டும். அடுத்த 12 தாளில் தேதிகள் மட்டும். தொகை இருக்க வேண்டிய தாள்களில், கட்டம் அகலம் போதாததால், எண்ணுக்குப் பதிலாக வேலி நட்டதுபோல் வரிசையாக ##### என்ற குறிகள். மிச்சம் இரண்டு தாளில் ஒன்று வெற்றுத் தாள். மற்றொன்றில் அனுப்பியவரின் பெயரும், பதவியும், அந்த மரங்களைக் காக்கும் வாசகமும்.

நேரில் போய்க் கேட்டோம். அந்த ஊழியர்மீது நமக்குக் கோபமில்லை. அவர் நல்ல மனிதர், எழுந்து நின்று பதில் சொன்னார். “சார், மெயிலை எடுத்தாச்சு. பிரிண்ட் போட்டாச்சுன்னு சூப்பிரண்டு கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடுத்தோம்.” அப்படியானால் தொகை? “கோப்புல என்ன இருக்கோ அதுதான் சார் ரெக்கார்டு.”

அவர் சொன்னது சரிதான். கோப்பில் இருப்பதுதான் ஆவணம். கோப்பில் இருப்பதோ வேலிக் குறிகள். ஓர் ஏரிக்கு ஆன செலவு, அரசின் கையொப்பத்தோடும் முத்திரையோடும், யாராலும் படிக்க முடியாத ஆவணமாகிவிட்டது. இத்தனைக்கும் யாரும் எதையும் மறைக்கவில்லை, திருடவில்லை. விதியைப் பின்பற்றினார்கள், அவ்வளவுதான். இனிமேல் எல்லாப் பிரிவிலும், எல்லாக் கணக்குக்கும் இதுவே விதி.

அச்சிட்ட தாளும் மின்னஞ்சலும் ஒன்றே என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. தாளில் விழுவது திரையில் தெரிகிற முகம் மட்டும். எந்த நேரம் புறப்பட்டது, எந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரங்கள் அதன் முதுகில் இருக்கின்றன. எக்செல் இணைப்பில் கூட்டுத்தொகையை மட்டுமா அனுப்புகிறார்கள்? அந்தத் தொகை எந்தெந்தக் கட்டத்தைக் கூட்டி வந்தது என்ற சூத்திரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் மொய் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு, மொத்த வசூல் இவ்வளவு என்று சுவரில் கரியால் எழுதி வைக்கிற குடும்பம் நம் ஊரில் உண்டா? யார் எவ்வளவு செய்தார் என்று நாளைக்குத் திருப்பிச் செய்வதற்குத்தானே மொய் நோட்டு!

நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் மோசம். மின்னஞ்சலின் அச்சுப் பிரதியைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால் சான்றிதழ் தேவை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் இதை 2014-ல் சொன்னது, 2020-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு ஒரு படி மேலே போய், அந்தச் சான்றிதழில் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிப்பிடச் சொல்கிறது. கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் எடுத்துக் கணினி தரும் எண் அது. ஒரு கமா மாறினாலும் எண் மாறிவிடும். ஆக, எண்ணை எடுக்க மூலக் கோப்பு இருந்தாக வேண்டும். 30 நாளில் அதை அழித்துவிட்ட அலுவலகம், ஒப்பந்ததாரர் வழக்குப் போட்ட மூன்றாம் வருஷத்தில் எதிலிருந்து எடுக்கும்? தாளைத் தடவிப் பார்த்தா?

சட்டம் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தை எப்படிப் பாதுகாப்பது என்று அதன் 7-வது பிரிவு சொல்கிறது: பின்னாளில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும், உருவான வடிவிலோ அதைப் பிசகின்றிக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும், எங்கிருந்து எங்கே எப்போது போனது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஆவணங்களை அட்டவணைப்படுத்தி, கணினிமயமாக்கத் தக்கவற்றைக் கணினிமயமாக்கு என்கிறது. கணினியில் இருப்பதைக் காகிதமாக்கு என்று எந்தப் பிரிவிலும் நாம் படித்த நினைவில்லை. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், கணினி உருவாக்கியதையும் பொது ஆவணம் என்றே கணக்கிட்டு, முறைதவறி அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது, எங்களைக் கட்டாது என்று மேலிடம் சொல்லலாம். சொல்லும்.

சரி, நம் அலுவலக மரபையாவது மதித்தார்களா? ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று கோப்பின் நெற்றியிலேயே ஆயுளை எழுதி வைக்கும் ஒழுங்கு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். பத்தாண்டு வைக்க வேண்டிய கோப்பை மூன்றாம் ஆண்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்ட எழுத்தருக்கு 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வீடு தேடி வரும். அதே கோப்பின் மூலமான மின்னஞ்சலுக்கு மட்டும், அது தேநீர்ச் செலவுக் கணக்கானாலும் நில எடுப்பு வழக்கானாலும், ஒரே ஆயுள்: 30 நாள்!

உலகத்தில் இதை யாரும் செய்து பார்க்காமல் இல்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையில் 1986 நவம்பரில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டரும் அவருக்குக் கீழிருந்த ஆலிவர் நார்த்தும் ஆயிரக்கணக்கான மின் செய்திகளை அழித்தார்கள். காப்புநாடாக்களில் அவை தப்பிக் கிடந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. 1989-ல், அதிபர் ரீகன் பதவி முடியும் நேரத்தில், அந்த நாடாக்களையும் அழிக்கக் கூடாது என்று வழக்கு. அச்சிட்டுவிட்டோமே, அது போதாதா என்று அரசு வாதிட்டது. யாருக்கு, எப்போது போய்ச் சேர்ந்தது என்பது தாளில் இல்லையே என்று 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அதே நீதிமன்றம் 1999-ல் வேறொரு வழக்கில் கொஞ்சம் இறங்கி வந்து, அச்சிட்டுவிட்டு அழிக்கும் விதியை ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம், மேலிடத்துக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் பட்டறிந்த பிறகு அந்த நாட்டு அரசே 2012-ல், 2016 முடிவதற்குள் மின்னஞ்சலை மின்வடிவிலேயே நிர்வகிக்க வேண்டும் என்று தன் துறைகளுக்குக் கெடு வைத்தது. இடையில் 2014-ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் தம் மின்னஞ்சல்களை 55,000 பக்கம் அளவுக்கு அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வெளியுறவுத் துறை அந்தத் தாள்களை மறுபடி ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலைவலியைத்தான் நம் மேலிடம் இப்போது வலிந்து கூப்பிடுகிறது.

சர்வரில் இடமில்லை என்பது சுற்றறிக்கை சொல்லும் முதல் காரணம். விரல் நீளப் பென்டிரைவ் கடைத்தெருவில் தொங்கும் காலத்தில் இதற்குப் பதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது காரணம் சுவையானது: ‘பழைய கணினிக் கோப்புகள் பல தற்போது திறக்க இயலாத நிலையில் உள்ளன.’ உண்மைதான். ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்.

1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தமிழ் எழுத்துக் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்காக அந்த அலுவலகத்தில் பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு நடந்தது. எழுத்துரு இருந்த கணினி பழுதாகி ஏலத்தில் போனதும், பல நூறு கடிதங்கள் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திரையில் நின்றன. அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாற்றித் தரும் மென்பொருள்கள் அப்போதே இலவசமாகக் கிடைத்தன. ஒருவரும் மெனக்கெடவில்லை. அது கணினியின் குற்றமா?

அதோடு நின்றார்களா? பதிவறையை ஸ்கேன் செய்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. தாளைத் தலைகீழாக வைத்து ஸ்கேன் செய்த பக்கங்கள், மடிப்பைப் பிரிக்காமல் எடுத்த வரைபடங்கள், எல்லாம் குறுந்தகடுகளில் ஏறின. எந்தத் தகட்டில் எந்தக் கோப்பு என்று அட்டவணை போட மறந்தார்கள். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தகடுகளைப் பிறகு காக்கை விரட்ட மாடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த மாடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2015 டிசம்பர் மழையில் தரைத்தளப் பதிவறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, ஊறிப் பருத்த கோப்புகளை அங்கேதான் வடகம்போல் காயவைத்தார்கள். பாதி காய்ந்தது, பாதி கூழானது. அதே பதிவறைக்குத்தான் இப்போது மின்னஞ்சல்களையும் இறக்கப் போகிறார்கள். கரையானும் இராமபாணமும் காத்திருக்கின்றன.

காகிதத்தை நாம் பழிக்கவில்லை. எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் 300 ஆண்டுக்கு மேற்பட்ட குறிப்பேடுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவை தாளில் பிறந்தவை, தாளாகவே காக்கப்பட்டவை. மின்னஞ்சலை அது பிறந்த வடிவில் காப்பாற்றுங்கள் என்றுதான் நாமும் கேட்கிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். டேக்கை அவிழ்த்து நடுவிலிருந்து ஒரு தாளை உருவ ஐந்து விநாடி போதும். பக்க எண்ணைத் திருத்த இன்னும் ஐந்து விநாடி. இல்லாத மின்னஞ்சலைத் தட்டச்சு செய்து, தேதி போட்டு, கோப்பில் செருகுவதும் பெரிய வித்தையல்ல. மூலம் அழிந்துபோன இடத்தில் எது நிஜம், எது செருகல் என்று சொல்ல ஆளிருக்காது. இது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த சிலரும் மேலிடத்தில் இருக்கிறார்கள். தணிக்கை வரும் ஆண்டில் இந்தச் சுற்றறிக்கை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், கணினியும் ஆவணமும் தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முறையான ஏற்பாடு ஒன்றைச் செய்யுங்கள் என்போம். அது என்ன மென்பொருள், எந்த சர்வர் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை சுற்றறிக்கை நிறுத்திவைக்கப்பட வேண்டும்.

அது அடுத்த மாதம் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வருகிறது. பிரிவுகளில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சிடச் சொன்னால் அச்சிடுங்கள். நீக்கச் சொன்னால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்து மூலம் கேட்டு, பதில் வரும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். நாளை விசாரணை என்று வந்தால் பதிவேட்டில் இருக்கப்போவது உங்கள் கையொப்பம்தான், சுற்றறிக்கை அனுப்பியவருடையது அல்ல.