முரளி எந்தத் தமிழர்?

இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் கதையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்ற செய்தி 2020 ஒக்டோபரில் தமிழ் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. பாரதிராஜா போன்ற மூத்தவர்களே விலகச் சொன்னார்கள். கடைசியில் முரளிதரனே விலகிக்கொள்ளுமாறு கேட்டு அறிக்கை விட, 19ஆம் திகதி ‘நன்றி, வணக்கம்’ என்று இரண்டே சொல்லில் சேதுபதி ஒதுங்கினார். அந்த நாட்களின் வாக்குவாதம் முழுக்கத் ‘தமிழன்’, ‘துரோகி’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவிலேயே ஓடியது. அவர் எந்தத் தமிழர் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். முரளியின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட, மகன் கண்டியில் தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே என்ற இந்த நிலை, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எந்த லயத்தில் கேட்டாலும் கிடைக்கும் கதை. திரையில் ஓர் இனத்தை எப்படிக் காட்டுவது என்று சண்டை பிடிப்பவர்கள், அந்த இனத்துக்குள் தேயிலைத் தோட்டத் தமிழரின் மலையகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். என் குறை அதுதான்.

எதிர்ப்பு முரளியின் அரசியலுக்குத்தானே, பிறப்புக்கு அல்லவே என்று சொல்வார்கள். நியாயமான பேச்சு. 2019இல் அவர் கோட்டாபய ராஜபக்சவை ஆதரித்தார். 2009இல் போர் முடிந்தது பற்றி அவர் சொன்னது, முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களைப் புண்படுத்தியது. அதைக் கண்டிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மலையகத்தில் பிறந்ததால் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஆனால் கண்டிப்பதற்கு முன் ஒரு மனிதரை அவர் நின்ற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1977 கலவரம் மலைநாட்டிலும் தீ வைத்தது. முரளியின் குடும்பமும் அதில் அடிபட்டது. அரசோடு அனுசரித்துப் போனால்தான் கடையும் உயிரும் மிஞ்சும் என்று கற்றுக்கொண்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவரின் தேர்வுகளை, ஆயுதப் போராட்டத்தின் அளவுகோலை மட்டும் வைத்து அளந்தால் கணக்கு தவறும். அந்தத் தேர்வுகள் சரியா என்பது வேறு விவாதம். அதைத் தொடங்கவாவது இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

‘800’ சர்ச்சைக்கு அடுத்த ஆண்டே ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. ஈழப் போராளியாக நடித்த சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியதைப் பலர் சாடினார்கள், சரியாகவே சாடினார்கள். தமிழர் என்றால் இந்த நிறம்தான் என்று சாயம் பூசிக் காட்டுவது அவமதிப்பு. ஆனால் நிறத்தைப் போலவே பேச்சும் ஒரு சாயம்தான். ‘தெனாலி’ காலம் முதல் தமிழ்ப் படத்தில் இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாண வழக்கைப் பேச வேண்டும் என்பது எழுதாத விதி. மலையகத்துப் பெண் ஒருத்தி திரையில் தன் பேச்சில் பேசினால், அவளைத் திருச்சிக்காரி என்றோ மதுரைக்காரி என்றோதான் பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். அவள் பேச்சின் தனித்தன்மை உச்சரிப்பில் மட்டும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறுவதும், கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’ என்று கணக்குப் போடுவதும் அவள் சொற்களுக்குள் இருக்கின்றன. ‘அரைப்பேர்’ என்ற ஒரு சொல்லில் ஒரு நாள் உழைப்பு பாதியாகிப்போன கதை இருக்கிறது. அதைக் கேட்டறியாத திரைக்கதை, நுவரெலியாவைப் பாட்டுக்குப் பின்னால் தெரியும் பச்சையாக மட்டுமே காட்டும்.

இப்படிப் பிரித்துப் பேசுவது தமிழர் ஒற்றுமையைக் குலைக்காதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு, மலையக மக்களின் குடியுரிமை பறிபோனது ஒரு முக்கிய காரணம். வேறு ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த அநீதி என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட பிறகே அந்த ஒற்றுமை உண்டானது. மலையகக் கதைகளுக்குச் சந்தை எங்கே என்ற கேள்விக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1963லேயே ‘தோட்டக்காரி’ என்று ஒரு படம் இங்கே எடுக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ தயாரித்து, தானே நடித்தார். கையில் இருந்த சின்ன வசதியில் அவர்கள் முயன்றார்கள். ‘800’ வேறு ஒரு நடிகருடன் 2023 ஒக்டோபரில், மலையகம் தன் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து இரண்டு மாதங்களில், திரைக்கு வந்தது. முன்பு எழுந்த சத்தத்தில் ஒரு பங்குகூட அப்போது எழவில்லை. யார் நடிப்பது என்ற கேள்வி தீர்ந்ததும் அக்கறையும் தீர்ந்துவிட்டது.

படமாக்கக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. முல்லோயா தோட்டத் தொழிலாளி கோவிந்தன் 1940 ஜனவரியில் பொலிஸார் சுட்டு இறந்தார். 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டார். தொழிற்சங்கவாதியான கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் முன் பாடிய மீனாட்சி அம்மாளின் வாழ்க்கை ஒரு தொடருக்கே போதும். இவர்களை யார் நடித்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் வசனம் எழுதும் மேசையில், மாசி மாதம் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் தோட்டத்திலிருந்து ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.