மேய்ப்பருக்கு மதிப்பெண் போடுவது யார்?

போதகர் மாற்றலாகிப் போகும்போது நடக்கிற பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசப்படுவதையெல்லாம் ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஐயா வந்தபோது காணிக்கை இவ்வளவு, இப்போது இவ்வளவு. ஐயா காலத்தில்தான் பால்கனி கட்டினோம், காம்பவுண்டு சுவர் எழுப்பினோம், ஏசி போட்டோம். ஐயா பிரசங்கம் பண்ணினால் மைக்கே தேவையில்லை. கமிட்டிச் செயலர், பொருளாளர், இளைஞர் சங்கத் தலைவர் என்று ஆண்கள் வரிசையாகப் பேசி முடித்த பிறகு, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அவர் போதகரின் மனைவிக்கு ஒரு சேலையைக் கொடுத்து, "அம்மா எங்களோடு நல்லா பழகினாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஞாயிறுதோறும் பாதி பெஞ்சுகளையாவது நிரப்புகிற பெண்கள், ஐந்து வருட ஊழியத்தைப் பற்றிச் சொல்ல இடம் கிடைத்தது அவ்வளவுதான்.

இதைத்தான் நம் சபைகளில் மதிப்பீடு என்று வைத்திருக்கிறோம். சி.எஸ்.ஐ. பேராயங்களில் 'அசெஸ்மென்ட்' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது போதகரின் வேலையை மதிப்பிடுவதைக் குறிப்பதில்லை. சபை வருடாவருடம் பேராயத்துக்குக் கட்ட வேண்டிய பங்குத்தொகையைக் குறிக்கும். அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதகர் நல்லவர், பாக்கி விழுந்தால் திறமையற்றவர். இப்படிப் பணம், கட்டடம், குரல் என்று மூன்று அளவுகோல்கள். மூன்றையும் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதை நியாயமான மதிப்பீடு என்று நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பெண்களுக்கு மட்டுமல்ல, போதகருக்கும் இது அநியாயம்தான்.

யார் என்ன பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். கமிட்டி உறுப்பினர் போதகரைப் பார்ப்பது ஆலயத்திலும் கூட்ட அறையிலும். பெண்கள் அவரைப் பார்ப்பது வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சாவு வீட்டில். கணவனை இழந்தவளின் வீட்டுக்கு முப்பதாம் நாளுக்குப் பிறகு அவர் ஒருமுறையாவது வந்தாரா என்பது அவளுக்குத்தான் தெரியும். வசதியான வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தவர், கடைசித் தெருவில் வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போனதை அந்தத் தெருப் பெண்கள் கவனித்திருப்பார்கள். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவை அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு மேய்ப்பரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே பெண்களிடம் இருக்கிறது. அதைக் கமிட்டியில் ஓர் ஆண் சொன்னால் 'கருத்து' என்கிறார்கள். ஆலயத்துக்கு வெளியே ஒரு பெண் சொன்னால் 'புறணி' என்கிறார்கள்.

இந்தச் சபைகள் பெண்களுக்கு யாரும் போட்ட பிச்சையும் அல்ல. பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் எழும்பியது க்ளோரிந்தா என்ற விதவைப் பெண்ணின் முயற்சியால். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணமின்றி வாழ்ந்ததால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். போதகர் அவரை எடைபோட்டு நிறுத்திவைத்த காலத்திலும் அவர் விசுவாசத்தை விடவில்லை. 'பாப்பாத்தியம்மா கோயில்' என்று ஊர் இன்றும் அந்த ஆலயத்தைச் சொல்கிறது. அன்றிலிருந்து கைப்பிடி அரிசி எடுத்துவைத்தும், அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் சுட்டும், வீடுவீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டியும் பெண்கள்தான் சபைகளைத் தாங்கியிருக்கிறார்கள். பெண்ணைப் போதகர் எடைபோடலாம், போதகரைப் பெண் எடைபோடக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே." 105ஆம் சங்கீதத்தை முழுக்க வாசித்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே பேசப்படுவது சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராக அலைந்த ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. அவர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று ராஜாக்களுக்கு விடப்பட்ட எச்சரிக்கை அது. அதிகாரம் இல்லாதவர்களைக் காக்கச் சொன்ன வசனத்தை எடுத்து, அதிகாரம் உள்ளவருக்குக் கேடயமாகக் கொடுத்திருக்கிறார்கள். தாவீது சவுலைக் கொல்லவில்லை என்பதையும் சொல்வார்கள். கொல்லவில்லை, உண்மைதான். ஆனால் சவுல் செய்த அநியாயத்தை எல்லோர் காதிலும் விழும்படி அவன் முகத்துக்கு நேரே சொன்னவனும் அதே தாவீதுதான். அந்தத் தாவீதே ராஜாவாகி உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது, நாத்தான் அரண்மனைக்குள்ளேயே போய் நின்று கேட்டார். அபிஷேகம் அவனைக் கேள்வியிலிருந்து காப்பாற்றவில்லை.

இன்னொரு வசனம் 1 தீமோத்தேயு 5:19. மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்கிறது அது. நியாயமான விதி. பொய்ப் பழியிலிருந்து ஒரு மனிதரைக் காப்பாற்றுகிற விதி. ஆனால் அதை மட்டும் சொல்கிறவர்கள், பாவம் செய்தவரை எல்லோர் முன்பாகவும் கண்டிக்கச் சொல்லும் 20ஆம் வசனத்தையும், ஒருவர் பக்கமும் சாயாதே என்று கட்டளையிடும் 21ஆம் வசனத்தையும் ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? தனி அறையில் நடந்ததற்கு இரண்டு சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்? ஆனால் அதே அறையிலிருந்து வேறொரு வருடம் வெளியே வந்த இன்னொரு பெண் இரண்டாம் சாட்சியாக இருக்கலாம். அவளைத் தேடிக் கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஏற்பாடு செய்யாமல் சாட்சி இல்லை என்று கோப்பை மூடுவது விசாரணை ஆகாது.

நியாயம் என்று சொல்லும்போது போதகரின் பக்கத்தையும் நான் விடவில்லை. ஒரு போதகரின் பெயரைக் கெடுக்க நம்மிடம் இருக்கும் கருவிகளைப் பாருங்கள். மொட்டைக் கடுதாசி. தேர்தலில் எந்த அணிக்குப் போனார் என்ற கணக்கு. எந்தச் சாதி என்ற கேள்வி. அவர் மனைவி பெண்கள் சங்கத்தை நடத்தவில்லை, பாட்டுக் குழுவில் நிற்கவில்லை, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கவில்லை என்ற குறை. அந்த அம்மாவுக்குச் சபை சம்பளம் கொடுக்கிறதா? இல்லை. சம்பளமில்லாத ஒருத்தியின் வேலைக்கு மதிப்பெண் போட்டு, அதைக் கணவரின் கணக்கில் கழிக்கிறோம். இதில் பெண்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பெண் போதகர் வந்துவிட்டால் இன்னும் மோசம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, புஷ்பலலிதாவை நந்தியால் பேராயத்துக்கு முதல் பெண் பிஷப்பாக அமர்த்தியது 2013இல். 66 வருடம் ஆகியிருக்கிறது. பெண் போதகர்கள் பீடத்தில் நின்றால் பிரசங்கத்தைவிட அவர்கள் குரல் கீச்சென்று இருக்கிறதா, எந்தச் சேலை கட்டியிருக்கிறார்கள், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதுதான் பேச்சு. ஆண் போதகரிடம் ஒருநாளும் கேட்காத கேள்விகள் இவை.

ஆகவே அளவுகோலையே மாற்ற வேண்டும். புதிதாக எங்கும் தேட வேண்டாம். எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் மேய்ப்பர்களின் வேலையைக் கணக்குப் பார்க்கிறது. பலவீனமானதைத் திடப்படுத்தினாயா, நோயுற்றதைக் குணமாக்கினாயா, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போட்டாயா, துரத்தப்பட்டதைத் திரும்பக் கொண்டுவந்தாயா, காணாமல் போனதைத் தேடினாயா, கடுமையாக ஆண்டாயா? காணிக்கை ஏறியதா, கோபுரம் உயர்ந்ததா என்று அங்கே ஒரு கேள்வியும் இல்லை. மேய்ப்பர்கள் கொழுத்ததைத் தின்று கம்பளியை உடுத்திக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது.

அதை நம் சபைக்குக் கொண்டுவருவோம். கணவனிடம் அடிவாங்கிய பெண் போதகரிடம் வந்தபோது "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு" என்று திருப்பி அனுப்பினாரா, அல்லது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ஒன்று இருப்பதைச் சொல்லி, கூடவே யாரையாவது அனுப்பினாரா? வரதட்சணை 1961 முதலே குற்றம். பேரம் முடிந்த கல்யாணம் என்று தெரிந்தும் ஓலை வாசிக்கிறவர் அதைப் பற்றி ஒரு பிரசங்கமாவது செய்தாரா? வேறு சாதியில் கல்யாணம் செய்த பெண்ணைக் குடும்பம் துரத்தியபோது அவளைத் தேடிப் போனாரா? விவாகரத்தான பெண் திருவிருந்துக்கு முன்னே வரக் கூசாதபடி நடந்துகொண்டாரா? இவை கடினமான கேள்விகள். ஆனால் உழைக்கிற போதகருக்கு இவைதான் கைகொடுக்கும். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், சத்தமில்லாமல் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழிசெய்தவர், குரல் வளமில்லாத ஒரே காரணத்தால் 'சுமார்' என்று பெயர் வாங்கிப் போகிறார். இந்தக் கேள்விகளைக் கேட்டால் அவர் முதலிடம் பெறுவார்.

முறையும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் போதகருக்கும் ஒரே கேள்வித்தாள். பெயர் எழுத வேண்டியதில்லை, ஆனால் சபையே முறைப்படி கொடுத்து வாங்கியது என்பதால் அது மொட்டைக் கடுதாசி ஆகாது. தொகுக்கிற குழுவில் பாதிப் பேர் பெண்கள், அதில் ஒருவராவது வெளிச் சபையைச் சேர்ந்தவர். தொகுத்ததைப் போதகர் முதலில் படித்துப் பதில் சொல்லட்டும். அதே தாளில் சபையைப் பற்றியும் கேட்க வேண்டும்: அவருக்கு வார ஓய்வு கிடைத்ததா, ஒழுகுகிற குடியிருப்பைச் சரிசெய்தோமா?

ஒன்றை மட்டும் இதில் கலக்கக் கூடாது. பிரசங்கம் சரியில்லை என்பது மதிப்பீடு. கை வைத்தார் என்பது புகார். புகாரை மதிப்பெண்ணோடு சேர்த்து, "மற்றபடி நல்ல ஊழியர்" என்று சராசரி போட முடியாது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலைபார்க்கும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. உங்கள் பேராயத்தின் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆலய அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயர்களை ஒட்டச் சொல்லுங்கள். சிறுமிகள், சிறுவர்கள் சம்பந்தப்பட்டது என்றால் பேராயத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

இடமாற்றம் இதற்கெல்லாம் பதில் அல்ல. நகரத்துப் பெரிய சபை தாங்க முடியாத போதகரைத் 'தண்டனையாக' எங்கே அனுப்புகிறார்கள்? கிராமச் சபைக்கு. அங்கே கூலி வேலைக்குப் போகும் தலித் பெண்கள் இருக்கிறார்கள். பிஷப்பின் தொலைபேசி எண் அவர்களிடம் இல்லை, கமிட்டியில் சொந்தக்காரர்கள் இல்லை. நாம் தள்ளிவிட்ட ஆபத்தை அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நம் சபை சுத்தமாகிவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்கிறோம். இதைவிடக் கொடிய அநியாயத்தை நான் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் திரும்பி வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என லூக்கா எழுதியிருக்கிறார். பேதுரு மட்டும் எழுந்து, ஓடிப்போய், குனிந்து பார்த்தார். பெண்கள் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று சபையிடம் நாம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த கமிட்டித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், போதகரின் வேலையைப் பற்றி எங்களிடம் எப்போது, எந்தத் தாளில் கேட்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.